கடல் ஃப்ளாட்ஸுக்கான ஃப்ளை: தேர்ந்தெடுப்பது முதல் கட்டி முடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஃப்ளாட்ஸில் மீன் கண்ணுக்குத் தெரியும். கணுக்கால் முதல் தொடை வரை தண்ணீர் நிற்கும் மணல், சுண்ணாம்புச் சேறு, கடல்புல் தரை அது. அங்கே மேய்ந்துகொண்டே நகரும் மீனைப் பார்த்து, அது போகும் வழியைக் கணித்து, தூண்டில் முள்ளில் நூலும் மயிரும் கட்டிச் செய்யும் போலி இரையான ஃப்ளையை அதன் முன்னால் இறக்க வேண்டும். ஃப்ளை தண்ணீரைத் தொட்டதிலிருந்து மீன் வந்து சேரும் வரை கிடைப்பது சில விநாடிகள்தான். அதற்குள் ஃப்ளை சத்தமில்லாமல் விழ வேண்டும், மீன் மேயும் ஆழத்துக்கு இறங்க வேண்டும், முள்முனை மேல்நோக்கி நிற்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் நிறம் சற்று முன்பின் இருந்தாலும் மீன் எடுக்கும். ஒன்று தவறினாலும், எவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய ஃப்ளையும் வீண்தான்.

அதனால் தேர்வில் எடை முதலில் வருகிறது. தரையும் இரையும் அடுத்து, நிறம் கடைசியில். கட்டும்போதும் இதே வரிசையில்தான் யோசிக்க வேண்டும்.

எடை

ஃப்ளாட்ஸ் ஃப்ளையின் எடை பெரும்பாலும் அதன் கண்ணில் இருக்கிறது. கண்ணை மாற்றினால் மூழ்கும் வேகமும் மாறும், தண்ணீரில் விழும் சத்தமும் மாறும். ஒரே வடிவத்தை மூன்று எடையில் கட்டி வைத்திருப்பது, மூன்று வடிவங்களை ஒரே எடையில் வைத்திருப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

கணுக்கால் ஆழத்தில், வால் தண்ணீருக்கு மேலே தெரிய மேயும் மீனுக்குக் கண்ணே இல்லாத ஃப்ளை போதும். அல்லது தடித்த நைலான் நரம்பின் நுனியை உருக்கி உருட்டிய கண், பிளாஸ்டிக் மணிக் கண் வைக்கலாம். முழங்கால் வரை 1/8 அங்குல மணிச்சங்கிலிக் கண், அதாவது சுமார் 3 மி.மீ. மணி. முழங்காலுக்கு மேல் போனால் 5/32 அங்குல மணிச்சங்கிலி, அல்லது 1/50 அவுன்ஸ் டம்பெல் கண் (இரு முனையிலும் உருண்டை உள்ள உலோகக் கண்). கிராமில் இது 0.6 அளவில் வரும். தொடை ஆழத்துக்கும் ஓட்டம் இழுக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் 1/36 முதல் 1/30 அவுன்ஸ், அதாவது 0.8 முதல் 0.95 கிராம். பெர்மிட்டுக்கான நண்டு ஃப்ளையில் 1/24 அவுன்ஸும் அதற்கு மேலும் போடுவது வழக்கம். பெர்மிட் விழும் நண்டைத் தரை வரை துரத்தும் மீன். மெதுவாக மிதந்து இறங்கும் நண்டை அது நம்பாது.

இந்த அளவுகள் தொடக்கத்துக்குத்தான். அதே கண்ணில் கட்டினாலும் மயிர் அடர்த்தியாக இருந்தால் ஃப்ளை மெதுவாக இறங்கும், ஒல்லியாக இருந்தால் வேகமாக இறங்கும். எனவே கட்டிய ஒவ்வொரு மாதிரியையும் வாளியில் அளந்து பார்த்துவிடுங்கள். 30 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புக் கரைத்தால் கடல்நீருக்கு நெருங்கிவிடும். ஃப்ளையை முதலில் தண்ணீருக்குள்ளேயே பிழிந்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு நீர்மட்டத்திலிருந்து விட்டு, தரை தொடும் வரை விநாடியை எண்ணுங்கள். அந்த எண்ணைப் பெட்டியில் அந்த வரிசைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்த எண் கையில் இருந்தால் வீச்சைக் கணக்கிடலாம். 30 செ.மீ. இறங்க 2 விநாடி எடுக்கும் ஃப்ளைக்கு 60 செ.மீ. ஆழத்தில் 4 விநாடி வேண்டும். மீன் விநாடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் அதற்குள் 2 மீட்டர் வந்துவிடும். எனவே ஃப்ளை அதற்கு 2 மீட்டராவது முன்னால் விழ வேண்டும். அவ்வளவு முன்னால் வீச இடமில்லை, மீன் திசை மாற்றிக்கொண்டே போகிறது என்றால் கனமான ஃப்ளைக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

தரை, இரை, நிறம்

ஃப்ளாட்ஸில் வாழும் இரை எல்லாமே தரையின் நிறத்தில் ஒளிந்து பிழைப்பவை: இறால், நொறுக்கு இறால், மாண்டிஸ் இறால், சிறு நண்டு, உளுவை, புழு. வெள்ளை மணலில் வெளிர் மணல் நிறம், வெள்ளை, மென்மையான இளஞ்சிவப்பு. கடல்புல் தரையில் ஆலிவ் பச்சை, பழுப்பு. சுண்ணாம்புச் சேற்றில் மங்கிய வெள்ளை, சாம்பல் கலந்த மணல் நிறம். தரையைவிட ஒரு படி வெளிறிய ஃப்ளை நல்லது. முழுக்க ஒன்றிப் போனால் மீனுக்கே தெரியாது, தூக்கித் தெரிந்தால் மீன் சந்தேகப்படும். அதோடு ஒரே ஒரு அழுத்தமான புள்ளி இருக்கட்டும்: தலையில் இளஞ்சிவப்பு நூல், அல்லது வால் தொடங்கும் இடத்தில் முட்டை சுமக்கும் இறாலைக் காட்டும் ஆரஞ்சு முடிச்சு. இரண்டு மூன்று இடத்தில் அழுத்தம் கொடுத்தால் எதுவும் அழுத்தமாக இல்லாமல் போய்விடும்.

மினுக்கிழை விஷயத்தில் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். உச்சி வெயிலில், வெள்ளை மணலில், அரை அடித் தண்ணீரில் இரண்டு இழைகூட அதிகம். மேகமூட்டம், கலங்கிய நீர், ஆழம் ஆகியவற்றில் நான்கைந்து இழைகள் உதவும்.

அளவை இடமும் மீனும் முடிவு செய்கின்றன. முள்ளின் எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1/0, 2/0 என்று போனால் பெரிதாகும். மத்திய அமெரிக்காவின் பெலீஸ், மெக்சிகோவின் யுகட்டான் பக்கங்களில், தரையைக் கிளறி மேயும் வெள்ளி நிற மீனான போன்ஃபிஷ் பெரும்பாலும் சிறியவை, கூட்டமாக வருபவை. 6, 8 எண் முள் சரி. கிரிபாட்டியைச் சேர்ந்த கிரிட்டிமாட்டித் தீவிலும் 6, 8 நன்றாக ஓடும். பஹாமாஸில் 4ஆம் எண்ணை நடுவாக வைத்துக்கொண்டு 2 முதல் 6 வரை. ஃப்ளோரிடா கீஸில் மீன் பெரியது, பல ஃப்ளைகளைப் பார்த்துப் பழகியது; 2, 4 எண்ணில் இயல்பான வண்ண இறாலும் நண்டும். வெனிசுவேலாவின் லோஸ் ரோக்கஸில் போன்ஃபிஷ் சிறு மீன் கூட்டங்களைத் துரத்துவதால் அங்கே போகிறவர் மெலிந்த சிறுமீன் ஃப்ளைகளையும் எடுத்துப் போக வேண்டும்.

முள்ளும் நூலும்

முள் துருப்பிடிக்காததாகவோ, வெள்ளீயம் பூசியதாகவோ இருக்க வேண்டும். மஸ்டாட் 34007, டீம்கோ 811எஸ், காமகாட்சு எஸ்எல்45 ஆகிய மூன்றும் போன்ஃபிஷுக்கு நீண்ட காலமாகப் பயன்படுபவை. 34007 மலிவானது, உறுதியானது, ஆனால் முனையை அரத்தில் தீட்டாமல் பயன்படுத்தக் கூடாது. கட்டைவிரல் நகத்தில் முனையை லேசாக வைத்து இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். அதுதான் கூர்மைக்கான அளவுகோல். மற்ற இரண்டும் டப்பாவிலிருந்து எடுக்கும்போதே கூர்மையாக இருக்கும்.

நூல் 140 அல்லது 210 டெனியர் தட்டை நைலான்; டெனியர் என்பது நூலின் கனத்தைக் காட்டும் அளவு. 210 டெனியர் நண்டுக்கும் டம்பெல் கண்ணுக்கும். 140 சிறிய ஃப்ளைக்கு. நன்னீர் ட்ரவுட் ஃப்ளைக்குப் பயன்படுத்தும் மெல்லிய நூலில் கண்ணைக் கட்டினால், இறுக்கும்போது நூல் அறும். அறாமல் இருக்க இறுக்காமல் விட்டால் கண் சுழலும்.

கருவிகளில் வைஸ் (முள்ளைப் பிடிக்கும் இடுக்கி), பாபின் (நூல்கண்டைத் தாங்கும் பிடி), கத்தரிக்கோல், விப் ஃபினிஷ் கருவி (நூலை முடிச்சிட்டு முடிக்க), ஊசி, நுண்ணிய பல் சீப்பு ஆகியவை போதும். வைஸின் தாடை 1/0 முள்ளை அசையாமல் பிடிக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். மணிச்சங்கிலியை வெட்டக் கத்தரியைத் தொடாதீர்கள். கம்பி வெட்டும் குறடு தேவை.

முதல் ஃப்ளை: காட்சா

ஜிம் மெக்வே பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் உருவாக்கிய வடிவம் இது. அதே தீவில் வழிகாட்டி சார்லி ஸ்மித்துடன் மீன்பிடித்தபோது பாப் நவ்ஹைம் 1977இல் கட்டியது கிரேஸி சார்லி. அதில் டின்சல் என்னும் பளபளப்பான பட்டை இழைக்கு மேல் தெளிவான நரம்பைச் சுற்றி உடல் அமைப்பார்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: கண் தண்டின் மேல் பக்கம், இறக்கையாக நிற்கும் மயிர்க் கற்றை முள்முனைப் பக்கம். காட்சாவைச் சரியாகக் கட்டக் கற்றால் போன்ஃபிஷ் ஃப்ளைகளில் பாதி கைக்கு வந்துவிடும்.

தேவையானவை: 4ஆம் எண் முள், இளஞ்சிவப்பு நிற 140 டெனியர் நூல், வெள்ளி நிற 1/8 அங்குல மணிச்சங்கிலியில் இரண்டு மணி, முத்து நிற மைலார் குழல் 2 செ.மீ.; முத்து நிறப் பின்னல் இழை 12 செ.மீ.; மணல் நிற கிராஃப்ட் ஃபர் (செயற்கை மயிர்); கிரிஸ்டல் ஃப்ளாஷ் மினுக்கிழை 2; சூப்பர் க்ளூ; தலைக்கு வார்னிஷ் அல்லது யு.வி. ரெசின்.

கட்டத் தொடங்கும் முன்பே, முனைக்குப் பின்னால் துருத்தும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்குங்கள். சில முட்கள் நசுக்கும்போது முனையோடு உடையும். அது வெறும் முள்ளாக இருக்கும்போது உடைந்தால் நஷ்டம் சிறியது. முள்ளை வைஸில் வளைவின் அடிப்பகுதியில் பிடித்து, தண்டு தரைக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள்.

முள்ளில் நரம்பைக் கட்டும் வளையமான காதுக்குப் பின்னால் 2 மி.மீ. விட்டு நூலைத் தொடங்கி, நெருக்கமாகச் சுற்றி முள்முனைக்கு நேர் மேலே வரை போய்த் திரும்புங்கள். வழவழப்பான உலோகத்தில் எதுவும் நிற்காது, நூல் அடித்தளத்தின் மேல்தான் நிற்கும். தண்டின் நீளத்தில் காதிலிருந்து நான்கில் ஒரு பங்கு தள்ளி ஒரு சிறு நூல் மேடு எழுப்புங்கள்.

மணி இரண்டையும் அந்த மேட்டுக்குச் சற்று முன்னால், தண்டின் மேல் குறுக்காக வையுங்கள். ஒரு மூலைவிட்டத்தில் 8 சுற்று, எதிர் மூலைவிட்டத்தில் 8 சுற்று. பிறகு பலரும் தவறவிடும் வேலை: மணிகளுக்கு அடியிலும் தண்டுக்கு மேலேயுமாக, படுக்கை வாட்டில் 5, 6 சுற்றுகள். முன்பு போட்ட குறுக்குச் சுற்றுகளை இவை இடுப்பைச் சுற்றி இறுக்கும். ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு ஒரு நிமிடம் காயவிடுங்கள். இரண்டு விரலால் மணியைத் திருகிப் பாருங்கள். அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். வீட்டில் சற்றே அசையும் கண் பத்து வீச்சுக்குள் பக்கவாட்டில் சரிந்துவிடும். அதன் பிறகு ஃப்ளை புரண்டு புரண்டு வரும்.

நூலைப் பின்னால் கொண்டு போய், மைலார் குழலை எதிர்முள் இருந்த இடத்துக்கு நேர் மேலே கட்டுங்கள். வெளியே நீண்டிருக்கும் பகுதி தண்டின் பாதி நீளம். ஊசியால் அதன் பின்னலைப் பிரித்தால் மெல்லிய நூல்களாக விரியும். அதே இடத்தில் பின்னல் இழையைக் கட்டி, நூலை மணிகளுக்கு முன்னால் கொண்டு வாருங்கள். இழையை நெருக்கமாக முன்னோக்கிச் சுற்றி, மணிகளுக்கு இடையே ஒரு முறை எட்டு வடிவில் கடந்து, மணிகளுக்கு முன்னால் கட்டி வெட்டுங்கள். இந்த இடத்தில் காதுக்கும் மணிக்கும் நடுவே காதின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு இடம் மீதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இறக்கை காதை அடைக்கும். கடைசியில், ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பான டிப்பெட்டை நுழைக்கவே முடியாது.

இப்போது முள்ளைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள், முனை மேலே வரட்டும். கிராஃப்ட் ஃபரிலிருந்து ஒரு சிட்டிகை வெட்டி, நுனியைப் பிடித்துக்கொண்டு அடியில் உள்ள குட்டைப் பஞ்சைச் சீப்பால் வாரி எடுத்துவிடுங்கள். மிஞ்சுவதைப் பிடித்து இறுக்கினால் தீக்குச்சியின் தடிமனைத் தாண்டக் கூடாது. நுனி வாலின் முடிவைத் தொடும் நீளத்தில், மணிகளுக்கு முன்னால் வைத்து முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு, மூன்றாவது சுற்றில் நேர் கீழே இழுத்து இறுக்குங்கள். முதல் சுற்றிலேயே இறுக்கினால் மயிர் தண்டைச் சுற்றி உருண்டு பக்கத்துக்குப் போய்விடும். இரண்டு மினுக்கிழையை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றாகச் சேர்த்து, இன்னும் ஆறு சுற்று போடுங்கள்.

மிச்சத்தைச் சாய்வாக வெட்டி, நூலால் கூம்பு வடிவத் தலை அமைத்து, 5 சுற்று விப் ஃபினிஷ் இரண்டு முறை போட்டு, வார்னிஷ் அல்லது ரெசின் பூசுங்கள். காய்வதற்குள் ஊசியால் காதைச் சுத்தம் செய்துவிடுங்கள். ஃப்ளாட்ஸில் நின்றுகொண்டு, மீன் வரும் நேரத்தில், வார்னிஷ் அடைத்த காதோடு போராடுவதைவிட எரிச்சலானது வேறில்லை.

இந்த ஃப்ளையில் வரும் குறைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இறக்கைதான். நீளம் கூடினால் வீசும்போது முள்வளைவில் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்ட ஃப்ளை வட்டமடித்தபடி வரும், எந்த மீனும் தொடாது. அடர்த்தி கூடினால் குடை விரித்ததுபோல் தண்ணீரைத் தாங்கி மெதுவாக இறங்கும். வாளியில் விட்டால் பக்கவாட்டில் படுக்கிறதா? கண் முள்ளின் எடைக்குப் போதவில்லை, அல்லது இறக்கை ஒருபக்கம் சரிந்திருக்கிறது. இறக்கையைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் படுத்தால் அடுத்த அளவு மணிக்குப் போங்கள். வீச்சின்போது டிப்பெட் முறுக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் சமமில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது ஃப்ளை: கம்பளி நூல் நண்டு

டெல் பிரவுன் ஃப்ளோரிடா கீஸில் பெர்மிட்டுக்காகக் கட்டிய மெர்க்கின், இன்றைய நண்டு ஃப்ளைகளில் மிகப் பலவற்றுக்குத் தாய் வடிவம். அவர் ஃப்ளையில் பிடித்த பெர்மிட் 500க்கும் மேல். மிக எளிய பொருட்களில் ஆனது. கிளாத்தியும் பெரிய போன்ஃபிஷும்கூட இதை எடுக்கும்.

தேவையானவை: 2 அல்லது 1/0 முள், மஞ்சள் கலந்த இளம்பச்சை நிற 210 டெனியர் நூல், 1/24 அவுன்ஸ் டம்பெல் கண், வாலுக்கு வரி விழுந்த பழுப்பு ஹேக்கில் (சேவல் கழுத்து) இறகு நுனிகள் நான்கு முதல் ஆறு, முத்து நிற மினுக்கிழை 4, மணல் நிறத்திலும் பழுப்பிலும் தடித்த செயற்கைக் கம்பளி நூல், வெள்ளை ரப்பர் கால் இழை, சிவப்பு அழியா மை பேனா.

டம்பெல் கண்ணைக் காதுக்கு அருகே, முன்பு சொன்ன முறையிலேயே தண்டின் மேல் கட்டுங்கள். எடை அதிகம் என்பதால் மூலைவிட்டச் சுற்றுகள் பத்துப் பத்தாக இருக்கட்டும். வளைவு தொடங்கும் இடத்தில் மினுக்கிழையைக் கட்டி, இறகு நுனிகளை இரண்டு பக்கமும் வெளிப்புறம் விரியும்படி வையுங்கள். வளைவான முதுகுகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அப்போதுதான் நண்டு கொடுக்கை உயர்த்திப் பிடித்த தோற்றம் வரும். மாறி வைத்தால் எல்லாம் ஒன்றாகக் கூம்பி, மீன்வால்போல் தெரியும்.

கம்பளி நூலை 4 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள், ஏழெட்டுத் துண்டு போதும். முதல் துண்டின் நடுவைத் தண்டின் மேல் குறுக்காக வைத்து, எட்டு வடிவில் மூன்று சுற்று. அடுத்தது வேறு நிறம், அதை முந்தையதோடு ஒட்டினாற்போல் நெருக்கித் தள்ளிக் கட்டுங்கள். கண் உள்ள பக்கத்திலேயே எல்லாத் துண்டுகளும் இருக்க வேண்டும். ஃப்ளை புரண்டு நிற்கும்போது உடல் தண்டுக்குக் கீழே போய், முனைக்கும் தண்டுக்கும் நடுவேயான வாய் திறந்தே இருக்கும். அந்த வாய் அடைபட்டால் மீன் எடுக்கும், ஆனால் முள் பிடிக்காது.

இரண்டாவது, நான்காவது, ஆறாவது துண்டுகளுக்குப் பின்னால் 5 செ.மீ. ரப்பர் இழை ஒவ்வொன்றைத் தண்டில் ஒற்றை முடிச்சாகக் கட்டி, நூலால் ஒரு குறுக்குச் சுற்று போடுங்கள். மூன்று ஜோடிக் கால்கள் கிடைக்கும். கண் வரை வந்ததும் விப் ஃபினிஷ் போட்டு முடித்துவிடலாம்.

பிறகு சீப்பால் கம்பளியை வாரிப் பஞ்சாக்குங்கள். கத்தரியால் மேலிருந்து பார்த்தால் முட்டை வடிவம் வரும்படி வெட்டுங்கள். 2ஆம் எண் முள்ளுக்கு அகலம் சுமார் 2 செ.மீ. முதல் வெட்டிலேயே முழு அளவுக்கு வர வேண்டாம். அகலமாக வெட்டி, வாளியில் விட்டுப் பார்த்து, பிறகு குறைத்துக்கொண்டே போங்கள். அகலமான நண்டு இலைபோல் ஆடி ஆடி இறங்கும். சரியான அகலத்தில் கண் முன்னால் சாய, ஒருபக்கம் சற்றே சரிந்தபடி நேராக இறங்கி, தரையில் முனை மேலே நிற்கும். கால் நுனிகளில் சிவப்பு மை தொட்டு, தண்டின் மேல் உள்ள கம்பளி நடுக்கோட்டில் மெல்லியதாக சூப்பர் க்ளூ தடவுங்கள். இல்லாவிட்டால் சில மீன்களுக்குப் பிறகு துண்டுகள் சுழலத் தொடங்கும். க்ளூ ஓரங்களுக்குப் பரவினால் கம்பளி பலகைபோல் விறைத்துவிடும், கவனம்.

நண்டு ஃப்ளையை இறாலைப்போல் இழுக்கக் கூடாது. உண்மையான நண்டு ஆபத்தைக் கண்டால் நேராகக் கீழே போய் மணலில் புதையும். ஃப்ளை விழுந்ததும் மீன் திரும்பினால், லைனில் தளர்வு இல்லாமல் மட்டும் வைத்துக்கொண்டு அதை இறங்க விடுங்கள். கனமான கண்ணைக் கட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

களைத்தடுப்பு

களைத்தடுப்பு என்பது புல் மாட்டாமல் முள்முனையைக் காக்கும் நரம்பு; வெறும் மணலில் இது வேண்டாம். கடல்புல்லிலும் பவழத் துண்டுகளிலும் இது இல்லாமல் இரண்டு இழுப்புக்கு ஒரு முறை புல் மாட்டும்; புல் மாட்டிய ஃப்ளையை மீன் தொடாது. 15 முதல் 20 பவுண்ட் விறைப்பான நரம்பில் 4 செ.மீ. துண்டை நடுவில் மடித்து, காதுக்குப் பின்னால் முள்முனைப் பக்கத்தில் கட்டுங்கள். இரண்டு காலும் தனித்தனியாக விரிந்து, முனையின் இரு பக்கமும் காவல் நிற்க வேண்டும். முனையைத் தாண்டி 2 மி.மீ. மட்டும் விட்டு வெட்டுங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் உடனே மடிய வேண்டும். அழுத்தம் தேவைப்பட்டால் நரம்பு தடிமன் அதிகம்; போன்ஃபிஷின் வாயில் அது முள்ளைத் தள்ளி விலக்கிவிடும். எல்லா ஃப்ளையிலும் களைத்தடுப்போடு கட்டி வைத்தால், மணலுக்குப் போகும்போது வெட்டி எறிந்துவிடலாம். பிறகு சேர்க்க முடியாது என்பதால் இதுவே நல்ல பழக்கம்.

டார்பன், பெரும் பாரை

இவை தரையைக் கிளறி மேயும் மீன்களல்ல, எனவே கணக்கு வேறு. டார்பனுக்கு 1/0 முதல் 3/0 வரை. முயல்தோல் பட்டை அல்லது மாராபு என்னும் மென்பஞ்சு இறகு வாலும், குறுக்காகக் கட்டிச் சப்பையாக வெட்டிய செயற்கை இழைத் தலையும் கொண்ட டோட் வகை ஃப்ளை. மெதுவாக மூழ்க வேண்டும், மீனின் கண்மட்டத்திலேயே மிதந்து நிற்க வேண்டும். ஈயக் கண் கூடாது. சாதனைப் பதிவுக்காக மீன்பிடிப்பவர்கள், உலக மீன்பிடிச் சாதனைகளைப் பதியும் அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ. விதிப்படி, ஃப்ளைக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பான ஷாக் டிப்பெட் முடிச்சுகளையும் சேர்த்து 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

செஷல்ஸ் போன்ற இந்தியப் பெருங்கடல் ஃப்ளாட்ஸில் பெரும் பாரைக்கு 6/0, 8/0 முள்ளில் 15 முதல் 20 செ.மீ. நீள பிரஷ் ஃப்ளை (கம்பியில் முறுக்கிய இழையால் கட்டுவது). முள் கனத்த கம்பியில் ஆனதாக இருக்க வேண்டும். காமகாட்சு எஸ்எல்12எஸ் பரவலாகப் பயன்படுகிறது. பாரையின் இழுப்பில் மெல்லிய முள் நிமிர்ந்துவிடும். வால் பகுதி முள்வளைவில் சுற்றாமலிருக்க, அடியில் தடித்த நரம்பில் ஒரு சிறு வளையம் கட்டி அதன்மேல் மயிரை வைக்க வேண்டும்.

தண்ணீரில் தேர்வு செய்வது

ஃப்ளையை மாற்றும் முன், மீன் எந்த இடத்தில் மறுத்தது என்று பாருங்கள்.

ஃப்ளை விழுந்த சத்தத்திலேயே மீன் சிதறினால் நிறத்தை மாற்றிப் பயனில்லை; ஒரு படி லேசான கண்ணுக்குப் போங்கள், அல்லது இன்னும் முன்னால் வீசுங்கள். மீன் கவனிக்காமலே கடந்துபோனால் பெரும்பாலும் ஃப்ளை அதன் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது என்று பொருள், கனத்தைக் கூட்டுங்கள். ஓதம் ஏறும்போது இது அடிக்கடி நடக்கும். காலையில் சரியாக வேலை செய்த ஃப்ளை, தண்ணீர் ஒரு சாண் ஏறியதும் தரையைத் தொடுவதே இல்லை; பிடிப்பவரோ நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

மீன் பின்தொடர்ந்து வந்து, முகத்தை அருகில் கொண்டுவந்து, பிறகு திரும்பினால் ஃப்ளையின் இடமும் எடையும் சரி, தோற்றத்தில்தான் குறை. முதலில் மினுக்கிழையைக் கத்தரியுங்கள், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அடுத்து ஒரு எண் சிறிய முள். அதன் பிறகே நிறம். வாலைத் தூக்கித் தலை குனிந்தும் முள் பிடிக்கவில்லையென்றால் ராடை உயர்த்தி அடிப்பதுதான் காரணம். போன்ஃபிஷுக்கு ராடைத் தாழ்வாகவே வைத்து, லைனைக் கையால் நீளமாக இழுத்துத்தான் முள்ளைப் பதிக்க வேண்டும். மீன் தவறவிட்டாலும் ஃப்ளை அங்கேயே இருக்கும், மறுபடி எடுக்க வாய்ப்புண்டு.

உலர்ந்த புதிய ஃப்ளையை நேராக மீன்மேல் வீசாதீர்கள். லைனின் முன்னால் வரும் நரம்பான லீடரில் கட்டியதும் தண்ணீருக்குள் வைத்துப் பிழியுங்கள். காற்று அடைந்த கிராஃப்ட் ஃபரும் கம்பளியும் முதல் வீச்சில் மிதக்கும். இறால் வகைகளை வழுக்காத வளைய முடிச்சில் கட்டினால் தடையில்லாமல் தலைகுனிந்து இறங்கும். காதில் இறுகும் முடிச்சு, குறிப்பாக 16 பவுண்ட் ஃப்ளூரோகார்பனில், சிறிய ஃப்ளையை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும்.

பயன்படுத்திய ஃப்ளையை ஈரத்தோடு பெட்டியில் திருப்பி வைக்காதீர்கள். ஒரு ஃப்ளையின் உப்பீரம் அந்த வரிசை முழுவதையும் துருவேற்றும். துருப்பிடிக்காத முள்ளிலும் மணிச்சங்கிலி மங்கி, நூலுக்கு அடியில் கறை ஏறும். தனி டப்பாவில் போட்டு, மாலையில் நன்னீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வார்னிஷ் விரிசலையும் முனையையும் பார்த்து, நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகு வரிசையில் வையுங்கள். முனை பவழத்தில் வளைந்திருந்தால் ஒருமுறை தீட்டலாம். அதற்கு மேல் வளைந்ததை வெட்டி எறிந்துவிட்டு, கண்ணை மட்டும் எடுத்து அடுத்த ஃப்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.